கோடையில் பார்த்த பனிச்சறுக்கு மலை

லண்டன் விமான நிலையத்தில் என் வேலை, சாதாரணப் பெல்ட்டில் போகாத சாமான்களை வாங்கி உள்ளே அனுப்புவது. குழந்தைகளின் தள்ளுவண்டி, சைக்கிள் பெட்டி, வீணை, ஒருமுறை பித்தளையில் செய்த ஒரு மான். மார்கழி பிறந்தால் பனிச்சறுக்குப் பைகள் வரத் தொடங்கும். என்னைவிட உயரமான, ஒல்லியான பைகள். பங்குனி வரை ஓயாது. பைகளோடு வருகிறவர்கள் போகும்போது வெளிறிப்போய் இருப்பார்கள். ஒரு கிழமை கழித்து மூக்கு மட்டும் சிவந்து திரும்பி வருவார்கள்.

தூக்கித் தூக்கி எனக்கு ஒரு கேள்வி வந்துவிட்டது. இந்தச் சனம் எல்லாம் போய் இறங்குகிற மலைகள், பனி கரைந்த பிறகு எப்படி இருக்கும்? என்னோடு ஷிப்ட் செய்யும் பஞ்சாபிப் பெண்ணிடம் ஒருநாள் கேட்டேன். "மலை மாதிரித்தான் இருக்கும்" என்றாள். அதற்கு மேல் அவளுக்கு அதில் அக்கறை இல்லை. எனக்கு இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு, மெல்பேர்ணில் இருக்கும் அண்ணை என்னை வரச்சொல்லிக் கேட்டார். நாங்கள் இரண்டு பேர்தான் பிள்ளைகள். நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது அவர் ஒரு பக்கம் போனார், நான் ஜெர்மனிக்குப் போய் அங்கிருந்து லண்டனுக்கு வந்தேன். அதற்குப் பிறகு நேரில் சந்தித்தது இரண்டு கலியாண வீடுகளில் மட்டும். ஹவுன்ஸ்லோ வீட்டுக் குசினியில் நின்றபடி நான் போனில் சம்மதம் சொன்னேன்.

"எங்கை போய்ப் பாக்க விருப்பம்?" என்று கேட்டார். "கடற்கரை இருக்கு. கங்காரு பாக்கலாம்."

"ஸ்கீ செய்யிற மலை ஏதாவது கிட்ட இருக்கோ, அண்ணை?"

"நீ வாறது மாசியிலை. இஞ்சை அப்ப நல்ல வெயில். அங்கை ஒண்டும் இராது."

"ஒண்டும் இராததைத்தான் பாக்கவேணும்."

"சரி, வா" என்றார். விருப்பமில்லாமல் சொல்கிறார் என்று நினைத்தேன்.

போய்ச் சேர்ந்து நாலாம் நாள் காலை நாங்கள் இருவரும் காரில் வெளிக்கிட்டோம். அண்ணிக்கு முழங்கால் நோ, வரவில்லை. மீன் கட்லட்டும் பாணும் ஒரு பிளாஸ்க் தேத்தண்ணியும் கட்டித் தந்தா. மலை அடிவாரத்து ஊரில் இரவு தங்கிவிட்டு அடுத்த நாள் திரும்புவது என்று ஏற்பாடு.

முதல் மூன்று மணித்தியாலம் காய்ந்த புல்வெளி. மண்ணிறமும் இல்லை, மஞ்சளும் இல்லை, அடுப்பில் சுட்ட பாண் தோலின் நிறம். பிறகு திராட்சைத் தோட்டங்கள் வந்தன. தொலைவில் மலைகள் நீலமாகத் தெரிந்தன. அல்ப்ஸ் மலைகளை நான் ஜெர்மனியில் இருந்தபோது ரயில் யன்னலால் பார்த்திருக்கிறேன், பல்லுப் பல்லாகக் கூராக நிற்கும். இவை அப்படியில்லை. படுத்திருக்கும் மாடுகளின் முதுகு மாதிரி உருண்டு கிடந்தன. இதிலா பனி விழும் என்று எனக்குச் சந்தேகம்.

ஏற்றம் தொடங்கியதும் வீதியோரத்தில் ஆரஞ்சு நிறக் கம்பங்கள் வரத் தொடங்கின. இரண்டு ஆள் உயரம் இருக்கும். வெயிலில் அவற்றுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. பனி மூடினால் வீதி எது, பள்ளம் எது என்று காட்டுவதற்கு என்று அண்ணை சொன்னார். ஒரு வளைவில், பனியில் வழுக்காமல் கார்ச் சில்லுகளுக்குச் சங்கிலி பூட்டச் சொல்லும் பெரிய பலகை நின்றது. காரின் வெப்பமானி முப்பத்தொன்று காட்டியது. பலகையின் பக்கத்தில் வாகனங்கள் ஒதுங்க ஒரு இடம்.

"இதிலைதான் பஸ்ஸை நிப்பாட்டிச் சங்கிலி போட்டவை" என்றார் அண்ணை, வீதியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"எந்த பஸ்?"

"நான் வந்த பஸ்."

"நீங்கள் முந்தி இஞ்சை வந்தனீங்களோ?"

"ஓம்."

அவ்வளவுதான் சொன்னார். அண்ணை தானாக ஒன்றைச் சொல்கிற ஆள் இல்லை. பிடுங்கினால் இன்னும் இறுக்கமாக மூடிவிடுவார் என்று எனக்குத் தெரியும். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். வீதிக்கு இரண்டு பக்கமும் மரங்கள் எலும்பு நிறத்தில், ஓர் இலை இல்லாமல் நின்றன. எப்போதோ காட்டுத்தீயில் எரிந்தவை. ஆனால் ஒவ்வொன்றின் அடியிலும் புதுக் கன்றுகள் பற்றைபோல முளைத்து இடுப்பளவு நின்றன.

மேலே ஊர் என்று ஒன்று இருந்தது. நாற்பது ஐம்பது கட்டடங்கள், ஆட்கள் இல்லை. ஒரே ஒரு கோப்பிக்கடை திறந்திருந்தது. வாசலில் சைக்கிள்காரர் நாலு பேர் கால் நீட்டி இருந்தார்கள். நான் முதலில் கவனித்தது கதவுகளைத்தான். சில கட்டடங்களில் நிலத்திலிருந்து ஒரு மாடி உயரத்தில், படியும் இல்லாமல் பல்கனியும் இல்லாமல், சுவரின் நடுவே ஒரு கதவு. திறந்து காலை வைத்தால் நேரே கீழே விழவேண்டியதுதான்.

"இதென்ன, அண்ணை?"

"பனி அந்தளவுக்கு நிக்கும்" என்றார். அவரும் அண்ணாந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப அது வாசல்."

காரை விட்டுவிட்டு, கதிரைகள் தொங்கும் கம்பிப் பாதையின் கீழே ஏறத் தொடங்கினோம். ஆட்களை மேலே கொண்டுபோகிற கதிரைகள் கம்பியில் அசையாமல் தொங்கின. ஒன்றில் ஒரு காகம் தனியே இருந்தது. பனிச்சறுக்குப் பாதை என்று நான் கற்பனை செய்திருந்தது சீவி விட்டது போல வழுவழுப்பான ஒரு சரிவு. இதுவோ முழங்கால் புல், கற்கள், நீர் கசியும் பாசி நிலம். வெள்ளையும் மஞ்சளுமாகச் சின்னப் பூக்கள் கணக்கில்லாமல் பூத்திருந்தன. நடுவில் 'மெதுவாகச் செல்லவும்' என்ற பலகை. பெரிய ஈக்கள் காற்சட்டைக்கு மேலாலும் கடித்தன.

கம்பிக்கு நேர் கீழே, மேலேயிருந்து விழுந்த சாமான்கள் கிடந்தன. ஒற்றைக் கையுறை. கண்ணாடி ஒன்று. ஊன்றுகோல். நிறம் போன ஒரு உதட்டுச்சாயம். பனிக்குள் விழுந்தால் எடுக்க ஏலாது, பனி கரைய ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். நான் ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தேன். அண்ணை அவற்றைப் பார்க்கவில்லை. காலடியைப் பார்த்து நடந்தார். இடையிடையே நின்று சப்பாத்து நுனியால் மண்ணைக் கிளறினார்.

"என்ன தேடுறியள்?"

"ஒண்டும் தேடேல்லை. இஞ்சை மண் கறுப்பெண்டு எனக்குத் தெரியாது."

மேலே ஏறி முடிக்க ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. உச்சியில் ஒரு சின்ன மரக் குடில். அதற்குள் இருந்து கட்லட் சாப்பிடும்போது முகில் இறங்கியது. பத்து நிமிடத்துக்குள் பள்ளத்தாக்கு இல்லை, கதிரைகள் இல்லை, எதிரே நின்ற கம்பம் மட்டும் தெரிந்தது. வியர்த்த முதுகு குளிர்ந்தது. விலகும்வரை இருப்போம் என்றார் அண்ணை. அப்போதுதான், நான் கேளாமலே சொல்லத் தொடங்கினார்.

இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம் அவருக்கு ஆங்கிலமும் சரியாக வராது, வேலையும் இல்லை. தெரிந்த ஒருவர் மலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்ல, ஒரு குளிர்காலம் இங்கே வந்திருக்கிறார். விடுதியொன்றின் குசினியில் கோப்பை கழுவுகிற வேலை.

"நீங்கள் ஹோட்டல் வேலை எண்டெல்லோ எழுதினனீங்கள்" என்றேன். அந்தக் கடிதம் ஜெர்மனியில் அகதிகள் விடுதியில் எனக்குக் கிடைத்தது. கழுத்தில் டையோடு அண்ணை வரவேற்பு மேசையில் நிற்பதாக நான் என் அறைத் தோழிகளுக்குச் சொல்லியிருந்தேன்.

"ஹோட்டல்தானே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது.

பிறகு சொன்னார். "வேலை பிரச்சினையில்லை. சமையல்காரன் நல்ல மனுசன். எனக்கெண்டு மிளகாய் வாங்குவிச்சுத் தந்தவன். ஆனா எங்கை பாத்தாலும் வெள்ளை. நாங்கள் அஞ்சு பேர் ஒரு அறையிலை. யன்னல் ஒண்டு இருந்தது, திறந்தா பனிச்சுவர்தான். ரெண்டரை மாசம் நான் நிலத்தைக் காணேல்லை, பிள்ளை. நிலம் தெரியாம இருக்க எனக்கு ஏலாமப் போட்டுது. ஒருநாள் விடிய, ஒருத்தருக்கும் சொல்லாம, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஓடிட்டன். அண்டைக்குச் சனிக்கிழமை. விடுதி நிறையச் சனம். அந்த மனுசன் தனிய நிண்டு என்ன பாடுபட்டிருப்பான்."

"அண்ணிக்குத் தெரியுமோ?"

"இல்லை."

முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இதை மறைக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அப்படிக் கேட்கவில்லை. "அந்த விடுதி எது?" என்று மட்டும் கேட்டேன்.

"தெரியேல்லை. பனி இல்லாம எனக்கு ஒண்டும் பிடிபடேல்லை."

முகில் முழுவதும் விலகவில்லை, என்றாலும் இருட்டுமுன் இறங்கத் தொடங்கினோம். இலக்கமிட்ட கம்பங்கள் நடைபாதை நெடுக இருந்தன. ஒன்றைத் தொட்டால் அடுத்தது மங்கலாகத் தெரியும். நான் இலக்கத்தை வாசிக்க அவர் முன்னே நடந்தார். ஒரு இடத்தில் அடுத்த கம்பம் தெரியவில்லை. நான் அங்கேயே நின்று குரல் கொடுக்க, அவர் பத்தடி போய்த் தேடிக் கண்டுபிடித்து, "இருக்கு, வா" என்றார். அப்படியே இறங்கி ஊரின் பின்பக்கமாக வந்து சேர்ந்தோம். அங்கே முகில் இல்லை, வெயில்.

பின்பக்கத்தில் ஒரு பச்சைக் கட்டடத்தின் முன்னால் அண்ணை நின்றுவிட்டார். புகைபோக்கி இரண்டு, ஒன்று சற்றுச் சரிந்து இருந்தது. "இந்தப் புகைபோக்கிச் சரிவு எனக்கு ஞாபகமிருக்கு" என்றார். சுவரின் நடுவே, ஒரு மாடி உயரத்தில் ஒரு கதவு. "அதாலைதான் நான் குப்பை கொண்டுபோறனான். நேரா வெளியிலை நடந்து போவன்." அந்தக் கதவுக்குக் கீழே இன்னொரு வரிசை யன்னல்கள், அதற்குக் கீழே கல் அத்திவாரம், அதைச் சுற்றிப் புல். கீழே இருக்கும் அறைகளை நிலத்தடி அறைகள் என்றே அவர் அத்தனை காலமும் நினைத்திருக்கிறார்.

ஏணியில் நின்று யன்னல் சட்டத்துக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்த பெண் எங்களைக் கண்டு இறங்கி வந்தாள். அறுபது வயது இருக்கும். கையில் பச்சை வர்ணம். எதையாவது தேடுகிறீர்களா என்று கேட்டாள். நான்தான், இவர் முன்பு இங்கே வேலை செய்தவர் என்றேன். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்து, எந்த இடத்தில் என்று கேட்டாள்.

"குசினியில்" என்றார் அண்ணை ஆங்கிலத்தில். பிறகு, ஒரு மூச்சில், "நான் இடையில் சொல்லாமல் போய்விட்டேன்" என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். கேலியாக அல்ல. விடுதியைத் தான் எடுத்து நடத்துவது பதினைந்து வருடமாக என்றும், ஒவ்வொரு குளிர்காலத்திலும், ஆவணி அளவில், யாராவது ஒருவர் அப்படிப் போய்விடுவார் என்றும், அதற்காகவே ஆள் எடுக்கும்போது இரண்டு பேரைக் கூடுதலாக எடுப்பது முந்தியவர்கள் காலத்திலிருந்தே வழக்கம் என்றும் சொன்னாள். போன வருடம் போனது சமையல்காரனே. அண்ணை அதைக் கேட்டுவிட்டு, விளங்காதவர்போல என்னைப் பார்த்தார்.

"என்னவாம்?"

"உங்களைப்போல ஆக்கள் ஒவ்வொரு வருசமும் ஓடுறவையாம். அதுக்கெண்டே கூட ஆள் எடுக்கிறதாம்."

"ரெண்டு பேரோ?"

"ஓம், ரெண்டு பேர்."

அவர் சுவரில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அவள் எங்களை உள்ளே விட்டாள். குசினி புதிதாக மாறியிருந்தது, அதில் அவருக்கு ஒன்றும் அடையாளம் தெரியவில்லை. வேலையாட்கள் படுக்கும் அறை மட்டும் மாறவில்லை. அடுக்குக் கட்டில்கள், மரச்சுவர், ஒரு யன்னல். அண்ணை வாசலிலேயே நின்றார். நான் போய்த் திரையை இழுத்தேன். யன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு முழுவதும் கிடந்தது. எரிந்த மரங்களின் வெள்ளை, அதற்குக் கீழே பச்சை, அடியில் நாங்கள் ஏறி வந்த வீதி, மிகத் தொலைவில் அந்தப் பாண் நிறச் சமவெளி. அண்ணை மெல்ல வந்து பக்கத்தில் நின்றார்.

"இதுக்கு முன்னாலையோ நான் படுத்திருந்தனான்" என்றார்.

எந்தக் கட்டில் என்று கேட்டேன். காட்டினார். யன்னலோரக் கட்டில்தான்.

அந்தப் பெண் அடுத்த குளிர்காலத்தில் விருந்தினராக வரும்படி அழைத்தாள். "குளிர்காலத்தை நான் பார்த்துவிட்டேன்" என்று அண்ணை சொன்னார். அவளுக்குக் கை கொடுத்தபோது அவர் கையிலும் பச்சை ஒட்டிக்கொண்டது.

அன்று மாலை அடிவாரத்து ஊரில் ஆற்றங்கரையில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து நான் அவரை விடாமல் கேள்வி கேட்டேன். மற்ற நாலு பேரும் யார், எந்த நாட்டவர், குளிருக்கு என்ன உடுத்தீர்கள், அந்தச் சமையல்காரன் மிளகாயை எங்கே வாங்கினான். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஒருவர் சிலி நாட்டுக்காரராம், ஒவ்வொரு ஞாயிறும் அழுவாராம். சில பதில்கள் தெரியாமல் அவரே யோசித்துக்கொண்டு இருந்தார். அண்ணையோடு அவ்வளவு நேரம் நான் கதைத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அடுத்த நாள் மத்தியானம் வீடு வந்து சேர்ந்தோம். அண்ணி கதவைத் திறந்து, "அங்கை பாக்க ஏதாவது இருந்ததோ?" என்று என்னைக் கேட்டா. நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் வாசலில் குந்தியிருந்து சப்பாத்து நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"இரும்" என்றார் அண்ணியிடம். "தேத்தண்ணியைப் போடும். வந்து சொல்லுறன்."