செப்புத் தகட்டில் அம்மாவின் கை

கந்தகமும் அலுமினியப் பொடியும் கலந்த வாசனை ஒன்று உண்டு. மூக்கில் ஏறியவுடன் நாக்கின் நுனியில் லேசாகக் கசக்கும். சனிக்கிழமை மத்தியானம் நான் தூக்குச் சட்டியில் சோறு கொண்டுபோய்க் கொடுக்கும்போது அம்மாவின் கைகளில் அந்த வாசனைதான் இருக்கும். சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. விரல் ரேகைகளுக்குள் வெள்ளி நிறத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். மறுநாள் கோயிலில் அம்மா கை கூப்பும்போது, பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருக்கும் டீச்சரம்மா மூக்கைச் சுளித்துவிட்டு இரண்டு விரல் தூரம் நகர்ந்து உட்காருவார். எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது நீ மட்டும் இதை எப்படிப் பார்த்தாய் என்று கேட்பீர்கள். நான் ஜெபத்தில் கண்ணை மூடியதே கிடையாது.

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. கண்ணை மூடச் சொல்கிறவர்கள் நமக்குத் தெரியாமல் ஏதோ செய்யப் போகிறார்கள் என்று சின்ன வயதிலேயே முடிவு கட்டியிருந்தேன். பார்த்த வரையில் அது பொய்யாகவும் போகவில்லை. ஊரே கேட்கும்படி அழுது ஜெபிக்கிற பெரியவர் நடுவில் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்ப்பார். பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருக்கும் ஒரு அக்கா, முன்வரிசைக்காரியின் சேலைக் கரையைத் தொட்டு நயம் பார்ப்பாள். அம்மாவோ கண்ணை மூடிய மறுநிமிடம் தூங்கிவிடுவாள். வாரம் ஆறு நாளும் பட்டாசுக் கம்பெனியில் குனிந்தே வேலை பார்த்த உடம்பு அது. ஆனாலும் என் பதினொரு வயதுக் கண்ணுக்கு அது பக்திக் குறைவாகத்தான் தெரிந்தது. நான் முறைத்துக்கொண்டிருப்பதை எழுந்தவுடன் கண்டுகொள்வாள். "எம் போலீஸு, கேசு எழுதிட்டியா?" என்று காதோடு கேட்பாள்.

எங்கள் ஊர் தாயில்பட்டிக்குப் போகிற சாலையில் இருந்தது. கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கோயிலில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு குருவானவர் வந்து திருவிருந்தாக அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பார். மற்ற நாளெல்லாம் சபையைக் கட்டி மேய்த்தது சாமுவேல் உபதேசியார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். ஆனால் வந்த வீட்டில் அவர் கண் முதலில் போவது சுவருக்குத்தான். என்ன காலண்டர் தொங்குகிறது, அதில் என்ன படம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நோயாளியைப் பார்ப்பார். சந்தேகத்தில் அவரும் நானும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். அதனால்தானோ என்னவோ, எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

ஆயுத பூஜை வந்தால் உபதேசியாருக்குத் தூக்கம் போய்விடும். கம்பெனிகளில் எல்லாம் பூஜை போட்டு, வேலைக்காரர்களுக்குப் பொட்டலம் பொட்டலமாகப் பொரியும் கடலையும் கொடுப்பார்கள். "படைச்சத வாயில வைக்கப்படாது" என்பது சபையின் கட்டளை. பொரி வீடு வந்து சேரும். பெரியவர்கள் தொடமாட்டார்கள். அது எப்படிக் காலியானது என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். சபையில் ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் தின்றோம். அந்த வருடம் ஆயுத பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை என் பாவாடைப் பையிலும் இரண்டு பிடி இருந்தது.

அதற்கு முந்தின நாள் நான் பார்த்ததை இங்கே சொல்லிவிட வேண்டும். கம்பெனி கேட்டுக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். அம்மா வெளியே வந்து வேலியோரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு உள்ளே போவாள். போனதும் நான் வேலியைச் சுற்றிப் பின்பக்கம் போவேன். அங்கே சீமைக்கருவேலத்துக்கு நடுவில் ஒரு சந்து இருந்தது. அதில் கண்ணை வைத்தால் அம்மா வேலை பார்க்கிற அறையின் கதவு நேராகத் தெரியும். ஒரு அறைக்கு நான்கு பேர்தான் கணக்கு. அம்மா கதவருகே நின்றாள். அவளுக்குப் பின்னால் மற்ற மூன்று பெண்களும் நின்றார்கள். கதவை ஒட்டிய தூணில் ஒரு செப்புத் தகடு அடித்திருந்தது. பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதில் பளிச்சென்று இருந்தன. அம்மா அந்தத் தகட்டில் உள்ளங்கையைப் பதித்தாள். தலை குனிந்தாள். கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. பிறகு அதே கையை நெஞ்சில் வைத்தாள். பின்னால் நின்ற மூவரும் தலை குனிந்து நின்றார்கள்.

கோயிலில் தூங்குகிறவள் இங்கே இவ்வளவு பயபக்தியாகக் கும்பிடுகிறாளே என்று எனக்குத் தோன்றியது. சோற்றுச் சட்டியை ஆட்டிக்கொண்டு வீடு வந்தேன். ராத்திரி அம்மா தலை சீவிவிட்டபோது அந்தக் கை என் தலையில் படுவதே எனக்கு என்னவோபோல் இருந்தது.

மறுநாள் ஞாயிறு பள்ளியில் உபதேசியார் பாடம் "உண்மையான ஆராதனை". மனதை இரண்டாகப் பங்கு வைத்தால் ஆராதனை ஆகாது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், என் முன்னால் நின்றார். பையிலிருந்து ஒரு பொரி தரையில் விழுந்திருந்தது. "ஏ புள்ள, இது என்ன?" என்றார். எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை பேர் வயிற்றிலும் பொரிதான் இருந்தது. ஆனால் மாட்டிக்கொண்டது நான். அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பப் பெரிதாக ஏதாவது வேண்டும் என்று அந்த நொடியில் தோன்றியது. "எங்கம்மா கம்பெனியில தகட்டத் தொட்டுக் கும்பிடுதாக. நான் பாத்தேன்" என்றேன். அவர் பொரியை மறந்துபோனார்.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"எஸ்தரு, கம்பெனித் தகட்டத் தொட்டுக் கும்பிடுதியாமே" என்றார்.

"அது எர்த்துத் தகடுங்க ஐயா. ஒடம்புல இருக்குற கரண்டு மண்ணுல எறங்கணும்னு வச்சிருக்காக. தொடாம உள்ள போனா மருந்துல பொறி தட்டிரும். எல்லாரும் தொட்டுட்டுத்தான் போகணும்" என்றாள் அம்மா.

"தொட்டது சரி. கண்ண மூடுனது? நெஞ்சுல கை வச்சது? அதுவும் எர்த்துக்குத்தானா?"

அம்மா கைகளைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். பிறகு, "அது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ளதுங்க" என்றாள்.

"எந்த ஆண்டவருக்கு?" என்று கேட்டார் உபதேசியார்.

அதற்குப் பிறகு அம்மா வாயே திறக்கவில்லை. அவள் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. சபை முன்னால் பாவத்தை அறிக்கை செய்து மன்னிப்புக் கேட்கிறவரை திருவிருந்து கிடையாது என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்தார். யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. அடுப்படிக்கு வந்து எனக்குத் தோசை ஊற்றினாள். நான் அன்றைக்கு நான்கு தோசை தின்றேன். வெட்கங்கெட்ட வயிறு.

அடுத்த திருவிருந்து ஞாயிறு வந்தது. வரிசை வரிசையாக எழுந்து முன்னால் போய் முழங்காலிட்டார்கள். மூக்கைச் சுளிக்கிற டீச்சரம்மாவும் போனார், கடிகாரக்காரரும் போனார். காலியான பாய்களுக்கு நடுவில் அம்மா மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவள் தூங்கவில்லை. கைகளைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்து வைத்திருந்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் உள்ளுக்குள் சந்தேகம் ஓயவில்லை. ஒன்றுமில்லை என்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே என்று ஒரு மூலையில் அது முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

விஷயத்தை உடைத்தது அம்மாவோடு அதே அறையில் வேலை பார்த்த மரகதம் சித்தி. நெற்றி நிறையத் திருநீறு பூசியிருக்கும் மனுஷி, வாய் கொஞ்சம் நீளம். ஒரு சனிக்கிழமை கேட்டருகே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ புள்ள, ஒங்கம்மயக் கோயில்ல ஏன் தள்ளி வச்சிருக்காக? அவ அங்கன என்ன தப்புப் பண்ணுனா? கையத் தகட்டுல வச்சுக்கிட்டு, ஆண்டவரே மரகதத்தப் பாத்துக்கிடும், பேச்சியப் பாத்துக்கிடும், முத்துலட்சுமியப் பாத்துக்கிடும்னு ஒவ்வொரு பேராச் சொல்லுவா. கடைசியிலதான் அவ பேரு. ஒருநா எம் பேர விட்டுட்டா. நான் உள்ள காலெடுத்து வைக்கமாட்டேன்னு நின்னுட்டேன். போர்மேன் வந்து சத்தம் போட்டாரு. எம் பேரச் சொன்னப்பறந்தான் போனேன்."

அந்தக் கதவுக்குள் போகிற நான்கு பேரும் சாயங்காலம் அதே கதவு வழியாக வெளியே வருவார்கள் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா ஏன் உபதேசியாரிடம் சொல்லவில்லை என்பதும் எனக்கு ஒருவாறு விளங்கியது. சொன்னால், "அப்ப அவுகள ஏன் கோயிலுக்குக் கூட்டியாரல?" என்று அடுத்த கேள்வி வரும். பெயர் சொல்வது ஆள் பிடிப்பதாக மாறிவிடும். அம்மாவுக்கு அந்தப் பெண்கள் வெளியே வர வேண்டும், அவ்வளவுதான்.

நான் நேராக உபதேசியார் வீட்டுக்குப் போனேன். மரகதம் சித்தி சொன்னதை மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்கம்ம சொல்லிக் குடுத்து அனுப்புனாளா?" என்றார். கோள் சொன்னபோது ஒரு கேள்வி கேட்காமல் நம்பிய மனிதர், நல்லதைச் சொன்னபோது சாட்சி கேட்டார். அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு விழுந்த கசப்பு பல வருடம் தீரவில்லை.

ஆனால் சந்தேகக்காரர் சும்மா இருக்கமாட்டார். அடுத்த சனிக்கிழமை, பெண்கள் சாப்பிட வெளியே வந்த நேரத்தில், அவரே கம்பெனிக்கு வந்துவிட்டார். போர்மேன் அவரை உள்ளே கூட்டிப்போவதை வேலிச் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவருகே போர்மேன், "தொட்டுட்டு வாங்க. தொடாம யாரையும் விடமாட்டேன்" என்று சொன்னது கேட்டது. உபதேசியார் தகட்டின் குங்குமத்தைப் பார்த்தார். இரண்டு பக்கமும் திரும்பி யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தார். பிறகு ஒற்றை விரலால் தொட்டார். "முழுக் கையையும் வைங்கய்யா" என்றார் போர்மேன். வைத்தார். அப்போது அவர் கண் மூடியது. பயத்தில் மூடினாரா, ஜெபித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தகட்டில் கை வைத்து ஒருவன் கண்ணை மூடினால் அது யாருக்கான கும்பிடு என்று வேலிக்கு வெளியிலிருந்து சொல்ல முடியாது என்பது மட்டும் எனக்கு அப்போது தெரிந்தது.

அடுத்த திருவிருந்தில் அவர் அம்மாவைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒரு சொல் இரண்டு பக்கமும் இல்லை. அம்மா எழுந்து வரிசையின் கடைசியில் போய் முழங்காலிட்டாள். சேலைத் தலைப்புக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்து நீட்டினாள். நான் அவளிடம் என் குற்றத்தைச் சொல்லவே இல்லை. இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று வருடங்களைக் கடத்தினேன். போன வருடம் அம்மா போய்விட்டாள்.

நான் இப்போது விருதுநகரில் கணக்கு டீச்சர். நான் போகிற கோயிலில் திரையும் வண்ண விளக்கும் பெரிய பெரிய ஒலிபெருக்கிகளும் வந்துவிட்டன. கையை உயர்த்திக் கண்ணீரோடு பாடுகிறார்கள். நான் இன்னும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் நிற்கிறேன். சாமுவேல் உபதேசியார் தள்ளாத வயதில் ஊரில்தான் இருக்கிறார். ஊருக்குப் போனாலும் அவர் வீட்டைத் தாண்டும்போது நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

போன மாதம் மரகதம் சித்தியைப் பார்க்கப் போனேன். பேச்சுவாக்கில், "ஒங்கம்ம கடைசி வரைக்கும் அஞ்சு பேரு சொன்னா, தெரியுமா?" என்றாள். நான்கு பேர்தானே என்றேன்.

"கோயில்ல தள்ளி வச்சாகளே, அதுக்கு மறுநாளிலேருந்து அஞ்சு. மொதப் பேரே ஒன்னோடதுதான். எம் போலீஸப் பாத்துக்கிடும் ஆண்டவரே, புள்ள பயந்துபோயி இருக்கும்னுவா. வேலிச் சந்துல நின்னு பாத்தாத்தான் அந்தக் கதவு தெரியும். அங்கன சோறு கொண்டாந்தது நீ ஒருத்திதான. அவளுக்குத் தெரியாதா?"

கிழவி என்னைச் சந்தோஷப்படுத்த இட்டுக்கட்டுகிறாளோ என்று அப்போதும் என் புத்தி ஒரு நொடி முண்டியது. ஆனால் அம்மா என்னைப் போலீஸ் என்று கூப்பிடுவது எனக்கும் அவளுக்கும் மட்டும் உள்ள விளையாட்டு. அதை அவள் வெளியே யாரிடமும் சொன்னதில்லை, ஆண்டவரைத் தவிர.

திரும்பும் வழியில் கம்பெனி இருந்த இடத்துக்குப் போனேன். மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. கேட் இல்லை, காவல்காரர் இல்லை. வேலியும் அறைகளும் ஒன்றாகிச் சீமைக்கருவேலம் மண்டிக்கிடந்தது. அம்மாவின் அறை மட்டும் கூரையில்லாமல் நின்றது. தூணில் தகடு இல்லை. யாரோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். ஆணி இருந்த நான்கு ஓட்டைகளும், நடுவில் பச்சையாகக் களிம்பு படிந்த கறையும்தான் மிச்சம். கறையின் மேல் கையை வைத்தேன். மரகதம் சித்தியின் பெயரைச் சொன்னேன். பேச்சியம்மாவை, முத்துலட்சுமியைச் சொன்னேன். அடுத்து நாக்கில் வந்து நின்றது சாமுவேல் உபதேசியாரின் பெயர். சொல்ல மனம் வரவில்லை, நெடுநேரம் நின்றேன். பிறகு சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என் கண்கள் மூடியிருந்தது எனக்கே தெரிந்தது.