இடப்பக்கச் சக்கரம்

செம்பரம்பாக்கத்துக்கு அப்பால், சவுடு மண் அள்ளிய பள்ளத்தில் என் நண்பரின் ஜீப் கவிழ்ந்தது என்னால்தான். அது அவருடைய தவறு என்று எல்லோரையும் நம்பவைத்தேன். அவரையும்கூட.

அம்பத்தூரில் ஒரே தொழிற்சாலையில் நான் பொறியாளர், அவர் ஃபிட்டர். ஓய்வு பெற்றதும் அவர், நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஃபோர் வீல் ஜீப் ஒன்றை வாங்கி, நூம்பலில் தன் வீட்டு வாசலிலேயே பிரித்து மாட்டினார். ஞாயிறு காலைகளில் மேடு பள்ளத்தில் வண்டி ஏற்ற வரும் ஐ.டி. இளைஞர்களோடு நாங்கள் இரண்டு கிழவர்களும் சேர்ந்துகொண்டோம்.

அந்த ஜீப்பில் லீவரைப் போட்டால் மட்டும் போதாது; முன்சக்கரங்கள் இழுக்காது. இறங்கிப் போய், இரண்டு முன்சக்கரங்களின் நடுவிலும் உள்ள திருகைக் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். ஒன்றை விட்டுவிட்டாலும் இரண்டுமே சும்மா உருளும். பூட்டுவதும், மேட்டின் மேல் நின்று கை காட்டுவதும் என் வேலை.

ஜீப் கவிழ்ந்த அன்று, முந்தின நாள் மழையில் பள்ளம் முழுக்கச் சேறு. ஒரு இளைஞன் தன் புது வண்டியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"அண்ணாத்தே, எங்களுக்கு ஒரு பட்டன் அமுக்கினா போதும்."

"பட்டன் என் சட்டைலகூட கீது மாமே. வண்டி ஏத்த கை வோணும்" என்றார் நண்பர்.

நான் இறங்கி வலப்பக்கத்தைப் பூட்டினேன். இடப்பக்கச் சக்கரம் கணுக்கால் அளவு சேற்றில் நின்றது. மகள் அனுப்பிய வெள்ளை ஷூவை அன்றுதான் முதன்முதலாகப் போட்டிருந்தேன். மேடு சின்னதுதானே என்று தோன்றியது.

"ரெண்டு பக்கமும் போட்டியா சார்?"

"போட்டாச்சு, வாங்க."

பாதி ஏற்றத்தில் பின்சக்கரங்கள் சுழன்றன. வண்டி பின்னால் வழுக்கி, திரும்பி, வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. எல்லோரும் அவரைத் தூக்க ஓடினார்கள். நானும் ஓடினேன். ஆனால் முதலில் என் கை போனது, மேலே தூக்கி நின்ற இடச்சக்கரத்துக்கு. திருகைத் திருப்பிப் பூட்டிய பிறகே அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. "பூட்டு ரெண்டும் சரியா இருந்தது. பதட்டத்துல கிளட்ச்சை மிதிச்சுட்டார், இழுவை விட்டுப்போச்சு" என்றேன். பொறியாளர் சொன்னால் அங்கே மறுபேச்சு கிடையாது. அவர் மகன் ஜீப்பை விற்றுவிட்டான்.

ஒரு வருடம் கழித்து அம்பத்தூர் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். ஸ்கூட்டர் ஓட்டுவதையும் விட்டுவிட்டாராம். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டார்:

"நெஜமா சொல்லு சார், கிளச்ச மிதிச்சனா? யோசிச்சி யோசிச்சிப் பாக்குறேன், நாபகமே வல்ல. மண்ட கொழம்பிப் போச்சா எனக்கு?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "வயசானா அப்படித்தான்" என்றேன். முதல் பொய்யைவிட இதுதான் என்னை அதிகம் அரிக்கிறது.

அதன்பின் பத்து நாள்தான் தாங்க முடிந்தது. அவர் வீட்டுக்குப் போய், மகன் எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். மகன், "வுடுங்க அங்கிள், அவரு வயசுக்கு வண்டி போனதும் நல்லதுதான்" என்றான். அவர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எந்தப் பக்கம்?"

"இடது."

"ஒரு வருசமா என் காலையே நான் நம்பாம குந்திகினு கீறேன் சார். நீ ஷூவுக்குப் பாத்த."

எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறு ஞாயிறு பள்ளத்தில் கூடியிருந்தவர்களிடமும் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. விற்ற ஜீப்பைத் தேடினேன். ஆவடியில் ஒரு பழைய இரும்புக் கடையில் உடைத்துவிட்டிருந்தார்கள். கடைசியில் அந்தக் கூட்டத்திலேயே ஒருவரிடம் இருந்த பழைய ஜீப்பை ஒரு காலைக்குக் கேட்டு வாங்கினேன். நான் கூப்பிட்டபோது நண்பர் வரவில்லை. அந்த இளைஞர்கள் போய்க் கூப்பிட, வந்தார்.

நான் சேற்றில் முழங்கால் போட்டு இரண்டு பக்கமும் பூட்டினேன். "ரெண்டும் போட்டாச்சு" என்றேன். அவர் வண்டியிலிருந்து இறங்கினார். வலது திருகைத் தொட்டு அசைத்துப் பார்த்தார். சுற்றி வந்து இடதையும் பார்த்தார். லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

நான் வழக்கம்போல மேட்டின் மேல் போய் நின்று கை காட்டினேன். ஜீப் உறுமிக்கொண்டு, ஒரே சீராக ஏறி வந்தது. அவர் பார்வை முழுக்கத் தடத்தின் மேலேயே இருந்தது. என் கை இடதுபக்கம் போகச் சொன்னபோது, தன் கணக்கில் வலதுபக்கம் ஒடித்து, என்னைத் தாண்டிப் போனார்.

இப்போது ஞாயிறுதோறும் வந்து, அதே இரவல் ஜீப்பை ஏற்றுகிறார். நானும் போகிறேன். பூட்டியாயிற்றா என்று மட்டும் அவர் என்னைக் கேட்பதில்லை.