ஹாமில்டன் என்று பெயர் வைத்த குழந்தை

நியூயார்க்கில் குடியுரிமைப் பிரமாணம் எடுப்பவர்களிடம் அமெரிக்காவை நிறுவியவர்களில் ஒருவரான ஹாமில்டனைப் பற்றிப் பேசுவது அருங்காட்சியக வழிகாட்டி வெர்னாவின் வேலை. "அவரும் உங்கள மாதிரி பொழைக்க வந்தவர்தான்" என்றால் கைதட்டல் நிச்சயம். வந்தவர்களுக்கெல்லாம் சட்டென்று குடியுரிமை கொடுப்பது ஆபத்து என்று அதே மனுஷர் பின்னாளில் எழுதியதை அவள் படித்திருந்தாள். கைதட்டல் போய்விடுமே என்று அதை மட்டும் முழுங்கிவிடுவாள்.

இந்த முறை மேடையைவிட்டு இறங்கியதும், ஹோண்டுராஸ்காரி யமிலெத் கைக்குழந்தையோடு வந்தாள்.

"போன வருஷம் என் வீட்டுக்காரர் பிரமாணம் எடுத்தப்ப நீங்க பேசினதக் கேட்டுத்தான் மேடம், இவனுக்கு ஹாமில்டன்னு பேர் வச்சோம். அவர் நம்ம ஆளுன்னு இவன்கிட்டயும் ஒரு தடவ சொல்லுங்க."

வெர்னா குனிந்தாள். இத்தனை வருஷம் மேடையில் கூசாத நாக்கு, அந்தக் குழந்தையின் முகத்துக்கு நேரே கூசிப்போய் நின்றது.