கூட்டுக்குத்தான் காசு

எழுதிப் பழக்கமில்லாதவள் நான், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பூனைக்குட்டி வாங்க நினைப்பவர்களுக்கு உதவுமென்று எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு நெல் மூட்டைகளில் எலித்தொல்லை. கல்முனையில் கிளியும் மீனும் விற்கும் கடையொன்றில் சாம்பல் நிறக் குட்டியைக் கண்டோம். கையில் எடுத்ததும் சத்தமில்லாமல் சுருண்டுகொண்டது. நல்ல அடக்கமான குட்டி என்று நினைத்துவிட்டேன்.

"பூனைய விக்கக் கூடாதெண்டு மார்க்கத்தில சொல்லுவாங்களே, காக்கா?" என்று கடைக்காரரிடம் மெல்லக் கேட்டேன். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்றும் அக்காவை ராத்தா என்றும் கூப்பிடுவோம்.

"பூன சும்மாதான் ராத்தா. கூட்டுக்குத்தான் காசு."

என் கணவர் சிரித்தார். "அப்ப கூட்ட நீங்களே வெச்சிக்கங்க. பூனைய மட்டும் தாங்க."

கடைக்காரரும் சிரித்துவிட்டார். அதற்குள் குட்டி என் விரலைச் சப்பத் தொடங்கியது. வாயில் ஒரு பல்கூட இல்லை. அடக்கமல்ல, பால் இல்லாத சோர்வு.

"இதுட உம்மா எங்க?"

"பின்னுக்குக் கத்திக்கிட்டுத் திரியிது," என்றார், தலை குனிந்தபடி.

தனியே கொண்டுபோயிருந்தால் இறந்திருக்கும். தாயையும் தந்தால்தான் எடுப்பேன் என்று, கடைகளில் வாய் திறக்காத நான் பிடிவாதமாக நின்றேன். தந்தார். இரண்டையும் பஸ்ஸில் கொண்டுவரக் கூடு தேவைப்பட்டது. காசு கொடுத்தே வாங்கினோம்.

இப்போது யார் குட்டி எடுத்தாலும் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கச் சொல்கிறேன்.

அவற்றைக் கொண்டுவந்த மறுநாள் எலி எதுவும் பிடிபடவில்லை. தாயும் குட்டியும் நெல் மூட்டையின் மேல் நாள் முழுவதும் தூங்கின.