கையூன்றாமல் எழுவது

எங்கள் சுரங்க டவுன்ஷிப் பிளாக்கில் காலை நடைக்கு வரும் பெண்களுக்கு ஒரு கெட்ட அனுபவம் உண்டு. சில வருடங்களுக்கு முன் எதிர் குவார்ட்டர்ஸில் குடியிருந்த ஓர் அம்மா எங்களோடு சேர்ந்து நடந்தார். முதல் மாதம் முழுக்க எங்கள் முட்டி வலியையும் சர்க்கரையையும் பற்றி அக்கறையாக விசாரித்தார். அடுத்த மாதம் ஒரு டப்பாவோடு வந்தார். காலையில் இட்லிக்குப் பதில் அந்த மாவைக் கரைத்துக் குடித்தால் வயதே தெரியாது என்றார். எல்லோரும் வாங்கினோம். வயது அப்படியே இருந்தது, எனக்கு வயிறுதான் கெட்டது.

அதனால், போன வருடத்துக்கு முந்தின வருடம் புதிதாக ஒரு பெண்மணி மைதானத்துக்கு வந்து, வலிய வந்து பேச ஆரம்பித்தபோது, நாங்கள் யாரும் முகம் கொடுக்கவில்லை. நான் சுத்தமாகக் கொடுக்கவில்லை. முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். பரீட்சை ஹாலில் எந்தப் பிள்ளை அடுத்தவன் தாளைப் பார்க்கிறது என்று கண்டுபிடித்தே பழகிய கண்.

அவர் உயரமாக, ஒல்லியாக இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ. நடந்து முடித்ததும் புல்லில் சப்பணமிட்டு உட்கார்ந்து, தரையில் கை வைக்காமல் அப்படியே எழுந்து நிற்பார். அதைச் சிரித்துப் பேசிக்கொண்டே செய்வார்.

"உங்களுக்கு என்ன வயசுங்க?" என்று ஒருநாள் எங்களில் ஒருத்தி கேட்டுவிட்டாள்.

"எழுபத்தொண்ணும்மா."

யாரும் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் அப்போது மைன்ஸில் ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "நம்ம பக்கம் பாதிப் பேருக்கு சர்டிபிகேட் வயசு ஒண்ணு, நெஜ வயசு ஒண்ணு. அந்தம்மாவுக்கு மூணாவதா ஒண்ணு இருக்கும். டப்பா எப்ப வருதுன்னு மட்டும் பாரு" என்றார்.

டப்பா வரவில்லை. ஒரு மாதம் போய், மூன்று மாதமும் போயிற்று. அவர் எங்களுக்கு இலவசமாகவே சொல்லிக்கொடுத்தார். சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது. காலை அகட்டி, முதுகை நிமிர்த்திக் குந்துவது. வேப்பமரத்தைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. மணல் போட்ட இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு நடப்பது. தினம் முட்டையோ சுண்டலோ சாப்பிடச் சொன்னார். பிரஷர் மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது, சீக்கிரம் படுக்க வேண்டும் என்றார். எல்லாமே சாதாரண விஷயங்கள். நாங்கள் மெல்ல அவரை 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தோம்.

ஆனாலும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பழக ஆரம்பித்த புதிதில் ஒவ்வொருத்தியிடமும் தன் இரண்டு விரலை நீட்டி, "இறுக்கிப் புடிங்க பாப்போம்" என்றார். கைப்பிடி பலமாக இருந்தால் உடம்பில் சதை வற்றவில்லை என்று அர்த்தமாம். என்னிடம் இன்னும் சில கேள்விகள் கேட்டார். வூட்ல யார் யார் இருக்கீங்க? பையன் எங்க? சார் ரிட்டயர் ஆனதும் ஊருக்குப் போயிடுவீங்களா? டவுன்ஷிப்புக்கு வெளியே வீடு வாங்கியாச்சு, இங்கேதான் இருப்போம் என்றேன். அவர் முகம் மலர்ந்ததை நான் கவனித்தேன். நாங்கள் எங்கே இருந்தால் இவருக்கு என்ன?

ஒருநாள் நேராகவே கேட்டேன். "போனைத் தொறந்தா காலையில ஒரு டாக்டர் காபி குடிங்கறார், சாயங்காலம் இன்னொருத்தர் குடிக்காதீங்கறார். கொடியில துணி காயப்போட்டா பவர் பிளான்ட் சாம்பல் படியுது. இந்தக் காத்துல நடந்து ஆயுசு கூடிடுமாக்கா?"

அக்கா கோபப்படவில்லை. "சாவத் தள்ளிப் போட முடியுமான்னு எனக்குத் தெரியாது டீச்சர். தெரியும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. ஆனா படுக்கையில வுழறதத் தள்ளிப் போடலாம். அது நான் வார்டுல நின்னுக்கினு கண்ணால பாத்தது."

அப்போதுதான் அவர் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று தெரிந்தது. கணவர் மைன்ஸில் பர்மனெண்ட் தொழிலாளியாக இருந்து இறந்துவிட்டார். டவுன்ஷிப் வாசலுக்கு வெளியே ஒரு சந்தில் குடியிருப்பு. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எங்களோடு டீ குடிக்க ஒருநாளும் நின்றதில்லை. வீட்டுக்கு வருகிறோம் என்றால், "வூடு போட்டது போட்டபடி கெடக்கு, இன்னொரு நாள் வாங்க" என்பார். போன் அடித்தால் பாதிப் பேச்சில் கிளம்பிவிடுவார்.

ஒரு மாலை மெடிக்கல் ஷாப்பில் அவரைப் பார்த்தேன். பெரியவர்களுக்கான டயப்பர் கட்டுகளைப் பெரிய பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பையை முந்தானையால் மூடினார். மறுநாள் எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னேன். "ரகசியமா முதியோர் இல்லம் நடத்துறாங்களோ? நம்மளக் கூட்டு சேர்த்து ஆள் புடிக்கிறாங்களோ?" என்றாள் ஒருத்தி. எனக்கும் அது சரி என்றே பட்டது.

அந்த வாரமே ஒருநாள் அவர் கிளம்பியதும் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனேன். இந்த வயதில் இப்படி ஒளிந்து போவது எனக்கே கேவலமாக இருந்தது. ஆனால் கால்கள் நிற்கவில்லை.

சந்தில் கடைசி வீடு. கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலருகே அக்கா காலை அகட்டிக் குந்தியிருந்தார். தாடி வைத்த ஓர் ஆண் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். மைதானத்தில் எங்களுக்குக் காட்டித் தந்த அதே குந்தல். அப்படியே எழுந்து, அரை வட்டம் திரும்பி, அந்த ஆளைச் சக்கர நாற்காலியில் இறக்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வாசல்ல நின்னுக்கினு ஏன் டீச்சர்? உள்ள வாங்க."

அது அவருடைய மகன். வயது நாற்பத்திரண்டு. பிறக்கும்போதே மூச்சுத் திணறியவர். கால்கள் இயங்காது. நாலைந்து சொற்கள்தான் வரும், ஆனால் பேசுவதெல்லாம் புரியும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்கா டீ போட்டுக் கொடுத்தார். "அவங்கப்பா இருந்தவரைக்கும் ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் தூக்குவோம். இப்ப நான் மட்டும்தான். நான் இப்படி இருக்கறது அழகுக்கு இல்ல டீச்சர். அவனுக்கு முன்னாடி நான் போயிடக் கூடாது. ஒரு அம்மா நெனைக்கக் கூடாததுதான். ஆனா நெனைக்கறேன்."

அப்போதும் என் வாயிலிருந்து வந்தது ஒரு சந்தேகம்தான். "அப்ப எங்களுக்கு எதுக்குக்கா சொல்லிக்கொடுக்கறீங்க?"

அவர் எழுந்து போய் ஆணியில் மாட்டியிருந்த ஒரு சாவியை எடுத்து வந்தார். "ஒரு நா நான் கிரவுண்டுக்கு வரலைன்னா, நீங்க வந்து பாக்கணும். அவ்ளோதான்."

வாங்கிக்கொண்டேன். மறுக்க முடியவில்லை.

"இன்னிக்கு சாவி. நாளைக்கு ஆளையே குடுத்துட்டுப் போயிடுவாங்க" என்றார் என் கணவர். மைதானத்தில் விஷயம் தெரிந்ததும் இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்தாததற்கு இரக்கம் காரணம் என்று சொன்னால் பொய். மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் ஏற முடிந்தது. அதை விட மனம் வரவில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் அக்கா வரவில்லை.

எனக்கு முதலில் தோன்றியது, இது சோதனை என்பதுதான். சாவி வாங்கியவள் வந்து பார்க்கிறாளா என்று பார்க்கிறார். நான் வழக்கமான சுற்றுகளை முடித்தேன். டீயும் குடித்தேன். போன் செய்தேன், எடுக்கவில்லை. பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

கதவைத் திறந்தபோது அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது மணிக்கட்டு வீங்கித் துண்டால் கட்டியிருந்தது. கொல்லைப்புறம் பாசியில் வழுக்கி விழுந்திருக்கிறார். "எழுந்திரிச்சிட்டேன் டீச்சர். கைய ஊனாமயே எழுந்திரிச்சிட்டேன்" என்று அந்த வலியிலும் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் அசையவில்லை. "மொதல்ல அவனப் பாருங்க."

மகன் கட்டிலில் நனைந்து கிடந்தார். கண்களில் அவ்வளவு கோபம். துடைத்து உடை மாற்றினேன். அதுவரை எந்த ஆணுக்கும் செய்யாத வேலை. பிறகு தூக்க வேண்டும்.

"கால அகட்டுங்க. குந்துங்க. முதுக வளைக்காதீங்க. உங்க மேல சாச்சிக்கினு எழுந்திரிங்க. நாம பண்றதுதான், வேற ஒண்ணும் இல்ல" என்று அக்கா பின்னாலிருந்து சொன்னார்.

மகன் பலகை மாதிரி விறைத்துக்கொண்டார். எழுந்தேன். தொடைகள் நடுங்கின, ஆனால் தாங்கின. திரும்பிச் சக்கர நாற்காலியில் இறக்கிய நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெஞ்சு, மணல் பை, விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னது, ஊரைவிட்டுப் போவீர்களா என்று கேட்டது. எதுவும் சும்மா இல்லை. வியர்வையோடு நின்றிருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எலும்பில் விரிசல். மாவுக்கட்டு போட்டார்கள். கட்டு பிரிக்கும்வரை காலையும் மாலையும் நான்தான் போனேன். என் கணவர் முதலில் இதில் என்ன சூது என்று பார்க்கத்தான் வந்தார். அப்புறம் ஷேவ் செய்துவிடும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். மகன் என்னை மட்டும் நம்பவில்லை. நான் கஞ்சி கொண்டுபோனால் அம்மா ஒரு வாய் சாப்பிடும்வரை வாயைத் திறக்க மாட்டார். தூக்கப் போகும்போது என் கைகளையே உற்றுப் பார்ப்பார். எனக்கு வருத்தமில்லை. நானும் அவர் அம்மாவை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "என்னைத் தயார் பண்ணினீங்களாக்கா?"

அவர் மழுப்பவில்லை. "ஆமா டீச்சர்."

"மத்தவங்களையும்?"

"எல்லாரையும்தான் பாத்தேன். உங்க புடிதான் நல்லா இருந்துது. நீங்க ஊரவிட்டும் போகல."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அடுத்த சில நாட்கள் போய் வேலையைச் செய்துவிட்டுப் பேசாமல் திரும்பினேன். அக்காதான் ஒரு மாலை என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நான் கேட்டிருக்கணும். கேட்டா ஒருத்தரும் வர மாட்டாங்கன்னு பயம். ஆனா ஒண்ணு சொல்லுங்க. உங்க முட்டி நல்லாச்சா இல்லியா? அது பொய்யா?"

பொய்யில்லை. அந்த வருடம் எடுத்த பரிசோதனையில் என் சர்க்கரையும் கட்டுக்குள் வந்திருந்தது. டாக்டர் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தேன் என்றேன். அக்கா செய்தது உதவியா, ஏமாற்றா என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கட்டு பிரித்த பிறகும் நான் போவதை நிறுத்தவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

இந்த வைகாசியில் மேல்பட்டாம்பாக்கத்தில் அக்காவின் தங்கை பேத்திக்குக் கல்யாணம். கணவர் இறந்த பிறகு அவர் எந்த விசேஷத்துக்கும் போனதில்லை. "ஒரு பகல்தானேக்கா, நாங்க ரெண்டு பேரும் இருக்கோம், போய்ட்டு வாங்க" என்று நான்தான் வற்புறுத்தினேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்று யோசித்தார். உள்ளே போய் மகனிடம் என்னவோ சொன்னார். மறுபடி வாசலுக்கு வந்து யோசித்தார். கடைசியில் பஸ் ஏறினார்.

ஏறியதும் போன். இறங்கியதும் போன். "மாத்திரை குடுத்தீங்களா?"

"குடுத்தாச்சுக்கா."

"நெஜமாவா, இல்ல நான் நிம்மதியா சாப்புடட்டும்னு சொல்றீங்களா? வீடியோல காட்டுங்க."

காட்டினேன். மகன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். மண்டபத்தின் நாதஸ்வர இரைச்சலில் அக்கா கத்தினார்: "தட்டக் காட்டுங்க டீச்சர். எவ்ளோ சாப்புட்டான்னு பாக்கணும்."

காலித் தட்டைக் காட்டினேன். என் கணவர் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பந்தி முடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்திருக்க வேண்டும். நாங்கள் எதிர்பார்த்ததற்கு வெகு முன்னாலேயே வந்து நின்றார்.

எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே மகனிடம் போனார். அவரை முன்னால் சாய்த்து, சட்டையைத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் முதுகு முழுவதும் பார்த்தார், எங்காவது ஒரே இடத்தில் அழுந்திச் சிவந்திருக்கிறதா என்று. இடுப்பைப் பார்த்தார். குனிந்து இரண்டு குதிகாலையும் தூக்கிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கையில் இருந்த தாம்பூலப் பையைக் கீழே வைத்தார்.