செருப்பு நின்றால் ஆள் நின்றதாகுமா?

போன மாதம் போர்ட் பிளேரில் மேடையேறிய தத்துவப் பேராசிரியரே, நீங்கள் சொன்னது பொய். சாதாரண ஜனங்களுக்கு அனுபவம் உண்டு, அபிப்பிராயம் உண்டு, தத்துவம் மட்டும் கிடையாது, அதற்குப் பயிற்சி வேண்டும் என்றீர்கள். நான் கையைத் தூக்கினேன். நேரமாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போய்விட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். கவுண்டரில் புதிதாக உட்காரப் போகும் பிள்ளைகளும் படிக்கட்டும்.

நான் லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். கவுண்டர் திறக்க வெகுநேரம் முன்பே வரிசை நின்றுவிடும். நடுவில் டீ குடிக்கவோ கக்கூஸ் போகவோ வேண்டுமென்றால் செருப்பைக் கழற்றி இடத்தில் விட்டுவிட்டுப் போவார்கள். அந்தச் செருப்பை யாரும் தாண்டமாட்டார்கள். எந்த ஆபீசும் போடாத சட்டம் அது.

ஒரு மழைக்காலத்தில் கடல் மோசமாகி இரண்டு கப்பல் ரத்து. அடுத்த கப்பலுக்கு ஊரே திரண்டது. கடைசியில் ஒரே ஒரு பங்க் டிக்கெட், அதாவது படுக்கை இடம், மிஞ்சியது. என் ஜன்னலுக்கு முன்னால் ஒரு ஜோடி செருப்பு. அதற்குப் பின்னால் பேச்சியம்மா. இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். எண்ணெய்ப்பனைத் தோட்டம் மூடிய பிறகு கிடைத்த கூலிக்குப் போனவள். அவள் மகள் தலைப்பிரசவத்துக்குப் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். துணைக்கு யாரும் இல்லை. அன்று அந்த வரிசையில் இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

செருப்பு ஒரு கான்ட்ராக்டருடையது. முதல் நாள் சாயங்காலம் தன் ஆளிடம் கொடுத்து, வரிசையில் நின்று இடம் பிடித்து வைக்கச் சொன்னவர், இப்போது காலில் ஷூவோடு ஜீப்பிலிருந்து இறங்கினார். வரிசை கத்தியது. அவர் அசரவில்லை.

"மேடம், நியாயம் எல்லாருக்கும் ஒண்ணுதானே? இந்தம்மா காலையில டீ குடிக்கப் போச்சு. அவங்க செருப்பு நின்னுச்சு, யாரும் பேசல. என் செருப்பு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

பின்னாலிருந்த வங்காளி மீன்காரர்கூட "சஹி பாத்", சரியான பேச்சு என்று இந்தியில் சொல்லித் தலையாட்டினார். வரிசையில் பாதிப் பேர் செருப்பை நம்பி நின்றவர்கள். இவருடையதை உதைத்துத் தள்ளினால் நாளைக்கு எல்லாருடையதும் போகும்.

பேச்சியம்மா அழவில்லை. அந்தச் செருப்பைக் கைகாட்டிச் சொன்னாள்.

"நா நின்னேன், பொறகு போனேன். திரும்பி வருவேன்னு சொல்லத்தான் செருப்ப விட்டேன். நின்னவளுக்குச் செருப்பு சாட்சி சொல்லும். நிக்காதவருக்கு அது என்னத்தச் சொல்லும் தொர?"

"என் ஆள் நின்னான்ல? கூலி குடுத்துல்ல நிக்க வச்சேன்."

"அப்ப டிக்கெட்ட அவனுக்குக் குடுக்கச் சொல்லுங்க. நின்னது அவந்தானே. அவன் வந்து கேக்கட்டும், நா ஒதுங்கிக்கிறேன்."

அந்த ஆள் ஜீப் பக்கத்திலேயே நின்றிருந்தான். முதலாளி திரும்பிப் பார்த்ததும் அவன் வானத்தைப் பார்த்தான். வரிசை முழுக்கச் சிரிப்பு. மீன்காரர் செருப்பை இரண்டு விரலால் தூக்கிக் கான்ட்ராக்டர் கையில் கொடுத்தார். டிக்கெட்டை நான் பேச்சியம்மா பேருக்கு அடித்தேன். அவள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் பேத்தி பிறந்தாள்.

டிக்கெட்டைக் கொடுக்கும்போது அவளிடம் கேட்டேன், மகள் விஷயத்தை ஏன் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எல்லாரும் இரங்கியிருப்பார்களே என்று.

"எரக்கத்துல வாங்கினா எனக்கு மட்டுந்தான் கெடைக்கும் மேடம். சொல்றதுக்குக் கத இல்லாதவ நாளைக்கு எங்க போவா?"

நின்றவருக்குத்தான் செருப்பு. அன்றிலிருந்து ஹட் பே வரிசையில் அதுதான் சட்டம். நான் ரிட்டயர் ஆகும்வரை எந்தக் கான்ட்ராக்டரும் அதை உடைக்கவில்லை. கவுண்டரில் உட்காரும் பிள்ளைகளே, ரூல் புத்தகம் முடிகிற இடத்தில் ஜன்னலைச் சாத்தாதீர்கள். வெளியே நிற்பவர்கள் யோசிக்கிறார்கள், காதுகொடுத்துக் கேளுங்கள்.

பேராசிரியரே, ஒரு பொருள் எப்போது ஆளுக்குப் பதிலாகும், எப்போது ஆகாது என்று அவள் பிரித்துச் சொன்னாள். எதிர்வாதத்துக்குப் பதில் சொன்னாள். தனக்கு வேண்டியதைப் பிறருக்கும் பொதுவாக்கிக் கேட்டாள். இது தத்துவம் இல்லையென்றால் வேறு என்ன? அடுத்த கூட்டத்தில், அதே மேடையில், டீ குடிக்கப் போவதற்கு முன்னால், மைக்கைப் பிடித்துப் பதில் சொல்லுங்கள். முன்வரிசையில் பேச்சியம்மாவோடு உட்கார்ந்திருப்பேன்.