மெர்சியின் மோட்டார்

கவரைப்பேட்டையில் எங்கள் தெருவிலேயே வாய் பெரியவள் பக்கத்து வீட்டு மெர்சி. அவள் மோட்டார் அதைவிடப் பெரியது. தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி கேன்டீனில் முந்நூறு பேருக்குச் சமைக்கிறவள். எங்கள் தெருவில் தண்ணீர் விடுவது ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் அரை மணி நேரம். அதனால் குடிநீர்க் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுவது எல்லா வீட்டிலும் உண்டு. யார் மோட்டாருக்கு இழுவை அதிகம் என்று போட்டியே நடக்கும். ஒன்றரை எச்.பி. வாங்கி மாட்டிய அன்று மெர்சி தெருவுக்கே கேசரி கொடுத்தாள். நானும் வெட்கமில்லாமல் இரண்டு தடவை வாங்கித் தின்றேன்.

அவள் மகள் ஷைனிக்கு ப்ளஸ் டூ பரீட்சை நெருங்கிய நேரத்தில் வயிற்றுப்போக்கு. ஒரே மாதத்தில் மூன்றாவது முறை. தண்ணீர்தான் காரணம், இன்னொரு தடவை வந்தால் பரீட்சையை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். மெர்சி நேராகப் போய் டேங்க் ஆபரேட்டர் வரதனைப் பிடித்தாள். குளோரின் போடாமல் தூங்குகிறாய் என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

 வரதன் குளோரின் சோதனை மருந்தை எடுத்து டேங்க் தண்ணீரில் விட்டான். மஞ்சளாக மாறியது, அப்படியென்றால் குளோரின் இருக்கிறது. மெர்சி வீட்டில் பிடித்த தண்ணீரில் விட்டான். நிறம் மாறவே இல்லை.

"தண்ணி கொயா சாக்கட கால்வாக்குள்ள போவுதுக்கா, ஜாயின்ட்டு லீக்கு. நீங்கல்லாம் மோட்டாரு போட்டு இழுத்தா கக்கூஸ் தண்ணியும் சேந்துதான் வரும்."

மெர்சி விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். பாவமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஸ்பேனரோடு வந்து மோட்டாரைக் கழற்றினாள். அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினாள். எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான்.

"எம் பொண்ணுக்கு சாக்கடைய இய்த்து ஊத்துனது நான்தான். உங்கூட்டு புள்ளைக்கு யாரு ஊத்துறா?"

மூன்று நாளில் பதினோரு மோட்டாரும் இறங்கின. கடைசியாக இறங்கியது என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஜாயின்ட்டையும் ஊராட்சியில் மாற்றிக் கொடுத்தார்கள். தண்ணீர் இப்போது நூல் மாதிரிதான் வருகிறது. குடம் நிறைவதற்குள் ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துவிடுகிறோம். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்துக்கொள்கிறோம்.

முதல் பரீட்சை அன்று மெர்சி லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் மூன்று மணி நேரம் நின்றாள். துணைக்கு நானும் நின்றேன். ஷைனி வெளியே வந்ததும் கேள்வித்தாளைப் பற்றி மெர்சி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

"நடுவுல எயுந்து போனியா?"

"போவலம்மா."

மாநிலத்திலேயே முதலாவதாக வந்தவளைக் கட்டிப்பிடிப்பது போல மகளைக் கட்டிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க மெர்சி அழுதாள்.